மூன்று பந்து பிடித்தவனின் தகப்பன்

பிள்ளைகள், புரோசார்ட்டில் இருக்கும் என் அக்கா, உங்கள் மாமி வீட்டுக்கு ஏன் போவதில்லை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் அம்மா கதையை மாற்றிவிடுகிறா. நான் மாற்றப் போவதில்லை. உங்கள் மாமாவோடு எனக்குக் கோபம். அது ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

அப்போது நீங்கள் இரண்டு பேரும் கார்டெறிக்கு, அதுதான் பிள்ளைகள் காப்பகத்துக்குப் போகிற வயது. பெரியண்ணாவுக்கு யூனிவேர்சிட்டியில் கடைசி வருடம். அங்கே ஃபுட்பால் டீமில் அவன் ரிசீவர். முட்டை மாதிரிப் பந்தை ஒருவன் தூர எறிவான், ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும், பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அதுதான் வேலை. ஆனால் அவனை அனேகமாக இறக்க மாட்டார்கள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பான். மற்றப் பெடியளின் சட்டை முழுக்கச் சேறு. இவனுடையது தோய்த்து மடித்த மாதிரியே வீட்டுக்கு வரும். ஆனாலும் பயிற்சிக்கு ஒரு நாளும் பிந்திப் போகாதவன்.

கடைசி வருடக்காரருக்கு அங்கே ஒரு வழக்கம். கடைசி மட்ச் தொடங்க முன்னம், பெயர் சொல்லிக் கூப்பிட, தாய் தகப்பனோடு மைதானத்துக்குள் நடந்து வருவார்கள். "அப்பா, அந்தச் சனி மட்டும் வேலைக்குப் போகாதேங்கோ" என்று கோடையிலேயே சொல்லிவைத்தான். நான் டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை. சனிக்கிழமை லீவு கேட்டால் செஃப்பின் முகத்தைப் பார்க்க முடியாது. கேட்டு வாங்கினேன்.

அதே சனிக்கிழமைக்குத்தான் மாமா தன் மகள் பெரியபிள்ளையான சடங்குக்கு, சாமத்திய வீட்டுக்கு, வாடகைக்கு ஹோல் எடுத்தார். பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து முதல் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன். அக்காவுக்கு நான் ஒரே தம்பி.

பெரியண்ணாதான் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் வீட்டுக்குள் சனம் நிறைய.

"அத்தான், வேற சனி பாருங்கோ. அண்டைக்குப் பெடியின்ர கடைசி மட்ச்" என்றேன்.

"வீடியோக்காரன் அண்டைக்குத்தான் ஓம் எண்டவன். பல்லக்கும் சொல்லியாச்சு. உன்ர பெடி விளையாடுறவனோ? நான் தண்ணிப் போத்தில் தூக்கிறவன் எண்டெல்லோ நினைச்சன்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அது காணாது. போனில் தேடி, டீமின் பக்கத்தைப் பெரிய டிவியில் போட்டார். அண்ணாவின் படம் சுவரளவுக்கு வந்தது. அவனும் அங்கே தட்டில் வடையோடு நிற்கிறான்.

"வாசிக்கிறன், கேளுங்கோ. நாலு வருசம். பிடிச்சது மூண்டு பந்து. ஓடினது பத்தொன்பது யார்ட். டச்டவுன் சைபர். மச்சான், என்ர வாசலில இருந்து ரோட்டுக்குப் போக இதைவிடத் தூரம்! இதுக்கோ தாய் தகப்பனைக் கூட்டி ஊர்வலம்?"

"அவர் பகிடிக்குச் சொல்லுறார் தம்பி, தேத்தண்ணியைக் குடி" என்றா அக்கா.

அண்ணா தட்டை வைத்தான். "மாமா சொல்லுறது சரிதானே அப்பா. நீங்கள் ஹோலுக்குப் போங்கோ. நான் தனிய நடப்பன்."

மாமாவின் பகிடியைக்கூட விழுங்கியிருப்பேன். அவன் அதைச் சரி என்று சொன்னதை விழுங்க முடியவில்லை. எழும்பினேன்.

"உங்கட மேளுக்குத் தண்ணி வாக்க அந்த வீடியோக்காரனையே கூப்பிடுங்கோ."

பிறகு டொரொண்டோவில் இருந்துகூட ஆட்கள் போன் எடுத்து என்னை ஏசினார்கள். அம்மாவும் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை, ஹோலுக்கென்று வாங்கிய சீலையைக் கட்டி, மேலே குளிர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றா. "நடவுங்கோ, மட்சுக்கு நேரமாச்சு" என்றா.

மைக்கில் எங்கள் பெயரை இரண்டாக உடைத்துத்தான் கூப்பிட்டார்கள். அண்ணா எங்களுக்கு நடுவில் நடந்தான். "மாமா கத்துவார்" என்றான்.

"கத்தட்டும்."

டீம் தோற்பது நிச்சயமான பிறகுதான் அவனை இறக்கினார்கள். ஒவ்வொரு முறையும் பந்து தனக்குத்தான் வருகிற மாதிரி ஓடினான். வரவில்லை.

அன்று பின்னேரம் மாமா போன் எடுத்தார். தண்ணீரைத் தன் சிநேகிதர் ஒருவர் வார்த்ததாகவும், ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார். "இண்டைக்காவது ஒண்டு பிடிச்சவனோ?" என்று கேட்டார்.

"இல்லை. மூண்டுதான்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு அந்த நம்பருக்கு நான் பதில் சொன்னதில்லை.

அக்காவின் மகள், என் மருமகளில் எனக்குக் கோபமில்லை. அவளுக்கென்று வாங்கிய காப்பு எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அவள் எப்போது வந்தாலும் கதவைத் திறந்து, காப்பை எடுத்துக் கொடுங்கள். தகப்பன் கூட வந்தால் அவர் காருக்குள்ளேயே இருக்கட்டும்.