மீன் தொட்டியில் களை பறித்தேன்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிற கடல்நீர்த் தொட்டிக்குள், ஒரு கல்லின் ஓரத்தில் தவிட்டு நிறத்தில் சின்னதாக ஒரு பூ விரிந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். உடனே கணவரிடம் போனில் சொல்லியிருந்தால் இதை எழுதுகிற வேலையே வந்திருக்காது. 'அவர் வந்து பார்த்து அசந்து போகட்டும்' என்று வாயை மூடிக்கொண்டேன்.

கணவர் சரக்குக் கப்பலில் என்ஜினியர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அவர் நடுக்கடலில் இருந்தபோது மாமியார் இறந்துபோனார்கள். அவரால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. வந்தபோது கல்லறையைத்தான் பார்த்தார். அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல் கப்பலுக்கே போகவில்லை. யாரிடமும் சரியாகப் பேசவும் இல்லை. எங்கேயோ பார்த்துவிட்டு வந்து இந்தத் தொட்டியை வைத்தார். தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து, கல் அடுக்கி, மீன் விட்டு, பண்ணையில் வளர்த்த பொத்தான் பவளத்தில் நாலைந்து மொட்டு வாங்கி ஒட்டினார். சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் ஆரஞ்சுமாக விரிகிற பவளம் அது. பெருகிப் பெருகி அறுபதைத் தாண்டியது. அது பெருகப் பெருக அவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. மறுபடி கப்பல் ஏறும்போது, "தொட்டியப் பாத்துக்கோ" என்று மட்டும்தான் சொன்னார்.

ஒரு தடவை ஊருக்கு வந்து அம்மாவைக் காணாத மனுஷன், இன்னொரு தடவை வந்து இந்தப் பவளத்தையும் காணாமல் நிற்கக் கூடாது. என் பயமெல்லாம் இந்த ஒன்றுதான்.

பூ ஒன்று பத்தாச்சு. ஒருநாள் பார்க்கிறேன், அதன் விளிம்பில் நீண்டிருந்த இழைகள் பட்ட பொத்தான்கள் எல்லாம் சுருங்கி மூடிக் கிடக்கின்றன. அப்போதுதான் இது பூ இல்லை, களை என்று உறைத்தது. நான் ஆழ்வார்குறிச்சிக்காரி. வயலில் இறங்கிக் களை எடுத்தவள். எனக்குத் தெரியாத களையா? கையுறை மாட்டிக்கொண்டு, புருவம் திருத்துகிற இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிய்த்தேன். ஒட்டிக்கொண்டிருந்ததைக் கத்தி முனையால் சுரண்டினேன். தூளெல்லாம் தண்ணீரில் சுற்றியது. 'அப்பாடா, சுத்தம்' என்று மாமாவிடம் பெருமை வேறு பீற்றிக்கொண்டேன். மாமா என்றால் என் மாமனார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பத்தே நாளில் கல்லெல்லாம் அதுதான். கண்ணாடி மூலையில்கூட முளைத்திருந்தது. எண்ணினேன், நாற்பத்தொன்று.

டவுணில் வண்ண மீன் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் ஓடினேன். போனில் படத்தைப் பார்த்ததுமே அவர், "இத பிச்சு எடுத்தியளாம்மா?" என்று கேட்டார். இடுக்கியையும் கத்தியையும் பற்றிச் சொன்னேன்.

"இது கடல் சாமந்தில ஒரு களை இனம். செடி இல்ல, இதுவும் ஒரு பிராணிதான். நகக்கண்ணு அளவு துண்டு விழுந்தாலும் அது தனியா முளைச்சிரும். நீங்க பறிக்கல, நட்டுருக்கீங்க" என்றார். இதைத் தின்கிற இறால் ஒன்று இருக்கிறதாம், உடம்பில் சிவப்புக் கோடு போட்டது. சென்னையிலிருந்துதான் வரவேண்டும். ஐந்து சொல்லிவிட்டு வந்தேன்.

வர ஒரு வாரம் ஆனது. அதற்குள் கணவர் இரண்டு தடவை கூப்பிட்டார். "தொட்டி எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு." படம் அனுப்பச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முந்தைய படத்தை அனுப்பினேன். அனுப்பிவிட்டு அடுக்களையில் போய் நின்று அழுதேன்.

இறால்கள் வந்தன. அண்ணாச்சி சொன்னபடி, பைத் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து இரண்டு மணி நேரம் பழக்கித்தான் உள்ளே விட்டேன். விட்ட நிமிஷமே ஐந்தும் கல்லுக்கு அடியில் போய் மறைந்துவிட்டன. மறுநாள் களை நாற்பத்து நான்கு. அதற்கு மறுநாள் நாற்பத்தாறு. பொத்தான்கள் ஐம்பதாகி, நாற்பதாகின. மாமா சாயங்கால ஜெபத்தில், கப்பலில் இருக்கிற மகனுக்கு அப்புறம், அந்த இறால்களுக்கு நல்ல பசியைத் தரும்படி கர்த்தரிடம் கேட்டுக்கொண்டார். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் பார்த்தால், அதே மாமா தொட்டியின் மூடியைத் திறந்து பொடிப்பொடியாக எதையோ போட்டுக்கொண்டிருக்கிறார். குழம்புக்கு வாங்கின இறால், கழுவி நறுக்கியது.

"மாமா, என்ன போடுதீங்க?"

"வந்த நாள்லருந்து வெளியவே வரலியேம்மா. அதுவும் ஒரு உசுருதான? நம்ம வீட்டுக்கு வந்து பட்டினி கெடக்கணுமா?"

அவரை என்ன சொல்ல? மீட்டர் பார்க்க வருகிறவருக்குக்கூட காபி கொடுக்காமல் அனுப்பாத வீடு இது. நான் மட்டும் என்ன யோக்கியம்? மீன்கள் கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்தால் மனசு கேட்காது. ஒரு நாளைக்கு மூன்று வேளை போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியிடம் போனில் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "வயிறு நெறஞ்ச இறாலு எதுக்கும்மா களையத் திங்கப் போவுது? நீங்க போடுத தீனியத் தின்னு அந்தக் களையுமில்லா கொழுக்குது" என்றார்.

அன்றிலிருந்து மீன்களுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். மூடிமேல் தடிமனான அகராதி ஒன்றை வைத்தேன், மாமாவுக்காக. எனக்காகவும்தான். நாலாம் நாள் விடியற்காலையில் பார்த்தேன். ஒரு இறால் களையின் தண்டைப் பற்றிக்கொண்டு பிய்த்துப் பிய்த்துத் தின்றது. களை முப்பத்தெட்டு. ஆனால் பொத்தான்கள் அதைவிட வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. இருபத்தொன்று, பத்தொன்பது. அவர் கப்பலை விட்டு இறங்கி வீடு வர இன்னும் பன்னிரண்டு நாள்.

அப்போது கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றது. வீடியோ காலில் வந்தார். "கேமராவத் தொட்டிப் பக்கம் திருப்பு, பாப்போம்" என்றார். "நெட்டு சரியில்ல" என்று கட் பண்ணிவிட்டேன். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் கூப்பிட்டதும், பூ என்று நினைத்ததில் ஆரம்பித்து, பறித்தது, பழைய படம், பொய் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பைய சொன்னார். "அம்மாவுக்கும் இப்படித்தான, 'நல்லாத்தான் இருக்காவ'ன்னு மூணு வாரம் சொன்னிய."

ஆமாம். தூரத்தில் இருக்கிறவனுக்குக் கெட்ட சேதி சொல்லி என்ன ஆகப்போகிறது, கிடந்து தவிப்பான் என்று வீட்டில் எல்லோருமாகப் பேசி முடிவு செய்தோம். எங்கள் பக்கத்தில் வழக்கமே அதுதான். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போனில் 'நல்லா இருக்காவ' என்று சொன்னது நான்.

"சொல்லிருந்தா, அம்மா கொரலயாவது ஒரு தடவ கேட்டுருப்பேன்லா" என்றார். திட்டவில்லை. இரண்டு வருஷமாக அவர் என்னிடம் இதைக் கேட்டதே இல்லை. "சரி, கேமராவத் திருப்பு" என்றார். திருப்பினேன். பவளம் செத்துப்போன கல்லையும், மிச்சமிருந்த பொத்தான்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வந்து சேர்ந்தபோது பதினான்கு பொத்தான்கள் இருந்தன. களை முழுக்க ஒழிய இன்னும் இரண்டு மாதம் ஆனது. இறால்கள்தான் தின்று தீர்த்தன. நாங்கள் கையை வைக்கவில்லை.

இப்போதும் அவர் கடலில்தான் இருக்கிறார். போன் வந்தால் முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குச் சர்க்கரை ஏறியது, எனக்கு நெஞ்சில் ஒரு வலி வந்து டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னது, எல்லாவற்றையும். நான் 'நல்லா இருக்கு' என்று சொல்கிற நாளில் அந்த மனுஷன் அதை நம்பித் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.