பிளசிக்கு ஒரு வால்நட் கிட்டார்

பிளசி கல்யாணமாகி பாலக்கோட்டுப் பக்கம் வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு ஒரு கிட்டாரும் வேனிலிருந்து இறங்கியது. பிளைவுட் கிட்டார். கடத்தூரில் பள்ளிக்கூடம் படிக்கும் காலத்திலிருந்து கோயில் பாட்டுக்குழுவில் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். கழுத்து வளைந்து, சுருதி ஒரு பாட்டு முடியும்வரைகூட நிற்காது. மாமியார் ராயம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா?" என்று கேட்டாள். புருஷன் ஆரோக்கிய பிரவீன் அதை வாங்கி மடியில் கவிழ்த்துப் போட்டு, முதுகில் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். "பாவம், அட்டப்பொட்டி" என்று சிரித்தான்.

அவன் அப்படிச் சொல்லலாம். ஓசூரைத் தாண்டி ஒரு சின்னக் கிட்டார் பட்டறையில் அவனுக்கு வேலை. பலகையை அறுப்பது, நனைத்துச் சுடுகுழாயில் வைத்து வளைப்பது, ஒட்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என்று எல்லாம் செய்வான். வாசிக்க மட்டும் வராது. பிளசி சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். இரண்டு விரலைச் சேர்த்து அழுத்துவதற்குள் மூன்றாவது விரல் எழுந்துகொள்ளும். சனிக்கிழமை பஸ் ஏறி வருவான், ஞாயிறு பூசையில் ஆண்கள் பக்கம் நின்றுகொண்டு பெண்டாட்டி வாசிப்பதையே பார்ப்பான், திங்கள் விடியுமுன் கிளம்பிவிடுவான்.

ஒருமுறை வந்தவன் சாப்பாட்டைக்கூட மறந்து மரத்தைப் பற்றியே பேசினான். ஈட்டி மரத்துக்கு பர்மிட் வாங்கி மாளாமல், முதலாளி வெளிநாட்டிலிருந்து வால்நட் பலகை தருவித்திருந்தார்.

"அக்ரூட்டுக் கொட்டை வருமே, அந்த மரமாங்க?" என்று கேட்டாள் பிளசி.

"அதேதான். ஈட்டி கணக்கா அடித்தொண்டையில மொழங்காது. மகாகனி கணக்கா வறண்டும் இருக்காது. ரெண்டுக்கும் நடுவால நிக்கும். கூட ஆள் பாடுனா பாட்ட அமுக்காது. கோயிலுக்கு அதான் சரி." காய்ச்சிய வெல்லத்தின் நிறமாம். ஊடே கறுப்புக் கோடுகள் ஓடுமாம். ஒரு பலகையை நடுவில் பிளந்து விரித்தால் இரண்டு பாதியிலும் கோடுகள் கண்ணாடி பார்த்தது போல இருக்குமாம். "ஒரு சோடிப் பலகையில கணு உளுந்து போச்சு. மொதலாளி வேண்டாம்னு கழிச்சாரு. நான் கேட்டு வாங்கிட்டேன்" என்றான். யாருக்கு என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

வேலை நேரம் முடிந்த பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யத் தொடங்கினான். அந்த நாட்களில்தான் இருமலும் தொடங்கியது. வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பான். செவ்வாய், புதனில் போன் பண்ணினால் பேச்சு அறுந்து அறுந்து வரும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று ராயம்மாள் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பிளசிதான் வம்பு பண்ணி தர்மபுரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் குழாயை ஊதச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார். எந்த மரம் என்றும் கேட்டார். "மரத்தூள் சில பேருக்கு ஆகாதுங்க. உங்களுக்கு இந்த வால்நட் தூள் கொஞ்சங்கூட ஆகல. மூச்சுக்குழாய் சுருங்கிருது. மருந்து தரேன். ஆனா வேலைய விட்டாத்தான் மருந்து கேக்கும்" என்றார்.

பிரவீன் வேலையை விட்டான். அதில் தகராறு எதுவும் இல்லை. ஒரு சின்ன லாரியில் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு ஓட்டப் போனான். வீட்டில் அம்மாவிடம் ஓசூர் தண்ணி சேரவில்லை என்று மட்டும் சொன்னான். ஆனால் பட்டறையிலிருந்து வரும்போது, சாக்குப் பையில் சுற்றிய பாதிக் கிட்டாரையும் கொண்டுவந்துவிட்டான். ஒட்டு வேலை முடிந்திருந்தது. தேய்க்க வேண்டியதும் பாலீஷ் போட வேண்டியதும்தான் பாக்கி.

"வேண்டாங்க" என்றாள் பிளசி. "எனக்கு பழசே போதும். இத யாருக்காவது குடுத்துருங்க."

"இத்தன வருசத்துல எத்தனையோ செஞ்சிருக்கேன், பிளசி. ஒண்ணாச்சும் எவன் கையில இருக்குதுன்னு தெரியாது. இது ஒண்ணு எனக்குத் தெரிஞ்ச கையில இருக்கட்டுமே."

அவள் அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அவன் சரி சரி என்றான். அவள் பாலக்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். காலையில் அவள் பஸ் ஏறியதும், லோடு இல்லாத நாட்களில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, மூக்கு வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு தேய்ப்பான். ஒருநாள் துணி துவைக்கும்போது அந்தத் துண்டிலிருந்து காப்பி டிகாஷன் போலத் தண்ணீர் இறங்கியது. பிளசி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டால் மறுபடி சண்டை. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று அவளுக்கும் தெரியும். துண்டை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிட்டார் முடிந்துவிட்டது. முகப்புப் பலகை வெளிர் மஞ்சள், முதுகும் பக்கமும் வால்நட். கணு முதுகின் ஓரத்தில் ஒரு கண் போலத் தெரிந்தது. பிளசி கம்பி மாட்டிச் சுருதி சேர்த்து வாசித்தாள். சத்தம் சுத்தமாக இருந்தது, ஆனால் வெளியே வரக் கூச்சப்பட்டது போலவும் இருந்தது. அவன் முகம் வாடிவிடுமோ என்று நிமிர்ந்து பார்த்தாள். அவனோ தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"இப்பத்தான பொறந்திருக்குது. வால்நட்டு வாசிக்க வாசிக்கத்தான் வாய் தெறக்கும். நீ தெனமும் வாசி."

தினமும் வாசித்தாள். பள்ளிவிட்டு வந்து முகம் கழுவிக் கொல்லைப்பக்கம் உட்காருவாள். அவன் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து, இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்பான். "இன்னிக்குப் பரவால்ல" என்பான். "மேல் கம்பி இன்னும் தூங்குது" என்பான். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி நன்றாகத்தான் போனது. மூச்சுத் திணறல் வந்தாலும் மருந்துக்கு அடங்கியது. அவளும் பயத்தை மெல்ல மறந்தாள்.

பொங்கல் கழிந்த ஒரு காலை, வயல் தெரியாத அளவுக்குப் பனி. சளிக் காய்ச்சலில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான், உட்கார்ந்தவனால் பேச முடியவில்லை. மருந்தை அடித்து அடித்துப் பார்த்தான். ஆம்புலன்ஸ் வந்தது. தர்மபுரி போய்ச் சேருமுன், பிளசியின் கையைப் பிடித்திருந்த அவன் பிடி தளர்ந்துவிட்டது. அந்தப் பிடி தளர்ந்த நொடியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பட்டறையிலிருந்து துக்கத்துக்கு வந்த ஆட்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் ராயம்மாளுக்கு மரத்தூள் விஷயமே தெரிந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சுவரில் சாய்த்திருந்த கிட்டாரைக் கைகாட்டினாள்.

"எம்புள்ளய முழுங்குனது இதுதானா?"

பிளசி போய் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அப்ப இது இந்த வூட்ல இருக்கக் கூடாது. நான் அடுப்புல வெக்கறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிரு."

பிளசி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து கோயிலுக்குப் போனாள். பாட்டுக்குழு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கடத்தூரிலிருந்து அப்பா வந்து கூப்பிட்டார். அவள் போகவில்லை. கல்லறை இங்கே இருந்தது, தனியாகிவிட்ட மாமியாரும் இங்கேதான் இருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பெண்களும் சோறு, தண்ணீர், கரண்ட் பில் என்று தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். ராயம்மாள் ஞாயிற்றுக்கிழமை பாட்டு இல்லாத முதல் பூசைக்குப் போக ஆரம்பித்தாள். பிளசி இரண்டாவது பூசையில் வாசித்தாள். வாசிக்கும்போது அந்த மரத்தின் முதுகு நெஞ்சில் அதிரும். நாள் ஆக ஆக மேல் கம்பிகளும் தெளிந்து, கடைசி பெஞ்சுவரை நிறைந்து கேட்டது. பாட்டுக்குழுவில் எல்லோரும் மெச்சினார்கள். "இன்னிக்குப் பரவால்ல" என்று சொல்ல வேண்டிய ஆளோ கல்லறையில் கிடந்தான். சில நாள் பாதிப் பாட்டில் கை நின்றுவிடும், மற்றவர்கள் பாடிச் சமாளிப்பார்கள்.

வருஷ நினைவுப் பூசைக்கு ராயம்மாள் வந்துதான் ஆக வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சில் முக்காடிட்டு உட்கார்ந்தாள். பாட்டு முடியும்வரை தலை நிமிரவில்லை. கூட்டம் கலைந்து, பிளசி கிட்டாரை உறையில் போடப் போகும்போது, ராயம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதுல அவன் கை பட்ட எடம் எது?"

"எல்லா எடமும்தான், அத்தை."

"அது தெரியும். வெளிய பாலீஷ் போட்டு மழுமழுன்னு கடையில வாங்குன கணக்கா இருக்குது. அவன் கை பட்டா மாதிரியே இல்லியே."

பிளசி யோசித்தாள். பிறகு உட்கார்ந்து முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கம்பிகளைத் தளர்த்தினாள். தொங்கிய கம்பிகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "உள்ள கைய விடுங்க" என்றாள்.

ராயம்மாள் வளையலை மேலே ஏற்றிவிட்டு, வட்டத் துளைக்குள் கையை நுழைத்தாள். பின்பலகையின் உட்புறத்தைத் தடவினாள். குறுக்கே ஒட்டிய சட்டங்களில் விரல் நின்றது.

"சொரசொரன்னு இருக்குது."

"உளி பட்ட எடம். வெளியதான் தேய்ச்சாரு. உள்ள தேய்க்க அவருக்கு மூச்சுப் பத்தல."

ராயம்மாள் கையை எடுக்கவில்லை. உள்ளே விரல்கள் போய் வருவது மெலிதாகக் கேட்டது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பிளசி தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரிஞ்சே உட்டுட்டேன், அத்தை. அந்தத் துண்டத் தொவச்சவ நான்தான். அன்னிக்கே இத ஒடச்சுப் போட்டிருக்கணும்" என்றாள்.

"ஒடச்சிருந்தா இன்னொண்ணு செஞ்சிருப்பான்" என்றாள் ராயம்மாள். "பெத்தவ நானு, எஞ்சொல்லையே என்னிக்குக் கேட்டான்?"

இரண்டு பேரும் சேர்ந்தே கல்லறைக்குப் போனார்கள். அங்கே ராயம்மாள் வாய்விட்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. பிளசி அவளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிட்டார் இன்னும் கோயிலில்தான் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி ராயம்மாள் கேட்கவில்லை. பாட்டு இல்லாத பூசைக்குத்தான் இப்போதும் போகிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளசி வரும்வரை சாப்பிடாமல் காத்திருக்கிறாள்.