இரண்டு துண்டு, ஒரே அச்சு

தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி அக்கா என்று பெயர். பதினாறு வருடமாகப் பரிசோதனை அறையில் வேலை. எஃகுத் தகட்டில் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, பிசினில் பதித்து, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்பாள். பிறகு அமிலம் தொட்டு நுண்ணோக்கியில் பார்ப்பாள். சாதாரண எஃகு என்றால் வெளுத்த மணிகளாகத் தெரியும். கார் கதவுக்குள் வைக்கிற உயர்வலிமை எஃகு என்றால் கறுத்த கீற்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அமிலம் படுகிறவரைக்கும் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். தேய்த்தவளுக்கே வித்தியாசம் தெரியாது.

மகா பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற ரகம். அவள் வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் தகட்டுச் சுருள்களின் கட்டுப்பட்டையை வெட்டுகிறவர். அந்த வேலையை நினைத்தாலே அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். சாதாரண சுருள் சாது, எதிரே நின்றே வெட்டலாம். உயர்வலிமைச் சுருள் அப்படியல்ல. பட்டை அறுந்ததும் நுனி சீறிக்கொண்டு விரியும், எதிரே நிற்பவனை முறித்துப் போட்டுவிடும். அதனால் இயந்திரத்தின் இரும்புக் கையை இறக்கிச் சுருளை அமுக்கிப் பிடித்த பிறகுதான், பக்கவாட்டில் நின்று வெட்ட வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழையில் சீட்டு கரைந்துபோன இரண்டு சுருள்கள் வந்து இறங்கின. ஒரே அகலம், ஒரே கனம். எது எந்த ரகம் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்ஜினியர் இரண்டு துண்டுகளோடு வந்து அவள் தலைமேல் நின்றார்.

"சீக்கிரம் சொல்லுங்கக்கா. அங்க மெஷின் சும்மா நிக்குது."

அவசரத்தில் இரண்டையும் பிசின் ஊற்றும் ஒரே அச்சில் வைத்தாள். முதல் சுருளின் துண்டு இடது பக்கம், இரண்டாவது வலது பக்கம். அடையாளத்துக்கு ஒன்றின் ஓரத்தில் அரத்தால் ஒரு கீறல் போடுவது அவள் வழக்கம். அன்றைக்குப் போடவில்லை. பிசின் இறுகியதும் வெளியே எடுத்துத் தேய்த்து, வைர முனையால் குத்திப் பார்த்தாள். இடது பக்கம்தான் மெது, பள்ளம் பெரிதாக விழுந்தது. முதல் சுருள் சாதாரணம் என்று எழுதிக் கொடுத்தாள். இன்ஜினியர் சீட்டோடு பறந்தார்.

பதிவுக்காக அமிலம் தொட்டுப் பார்த்தாள். இடது வெளுப்பு, வலது கறுப்பு. சரிதான் என்று அடுத்த வேலைக்கான துண்டை எடுத்து, தேய்க்க வேண்டிய பக்கம் கீழே இருக்கும்படி அச்சுக்குள் கவிழ்த்தாள். கவிழ்த்த கை அப்படியே நின்றுவிட்டது. கவிழ்த்து வைத்ததை நிமிர்த்தினால் இடது வலதாகிவிடாதா? பாவி, சாது என்று எழுதிக் கொடுத்தது அந்த முரட்டுச் சுருளையல்லவா!

பட்டறைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. மேசை போனை அடித்தாள், எடுப்பார் இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். கடவுளே, அவர் எதிரே நின்றிருக்கக் கூடாதே, நின்றிருக்கக் கூடாதே என்று வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

பட்டறை வாசலுக்கு முன்னால் தண்ணீர்க் குழாயடியில் அவர் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னடி, இப்படி மூச்சு வாங்குது?"

"நீங்க... பட்டை வெட்டலையா?"

"கண்ணுல தூசி. எனக்குப் பதிலா நெட்டையன் வெட்டுறான்."

போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்றிருந்தது. அவர் முகத்தைத் திருப்பி, இமையைப் பிதுக்கிப் பார்த்தாள். "சிவந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான், உள்ளே நிற்பவனும் ஒருத்தியின் புருஷன் என்று உறைத்தது. அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

"ஐயோ, அது முரட்டுச் சுருளுங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்று அலறினாள். அவர் பாய்ந்தார். இவளும் பின்னாலேயே ஓடினாள். இரண்டு பேரும் வாசலைத் தாண்டும்போது உள்ளே தகடு அறைந்த சத்தம் கேட்டது.

நெட்டையனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணையில் அவள் எதையும் மறைக்கவில்லை. அச்சு, அவசரம், போடாத கீறல் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். குழாயடியில் நின்றதை மட்டும் யாரும் கேட்கவில்லை. பதற்றத்தில் திகைத்துப்போய் நின்றாள் என்றுதான் வீட்டுக்காரரே நினைத்துக்கொண்டிருந்தார். அவர் இமையைப் பிதுக்கிப் பார்த்த நேரத்தில் கத்தியிருந்தால், நெட்டையன் விலகியிருக்க முடியுமா என்று அவள் மனதுக்குள் எண்ணிப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் முடியும் என்றுதான் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக எட்டு நாள் தைரியம் வரவில்லை. ஒன்பதாம் நாள் போனாள். நெட்டையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி எழுந்து வந்தாள். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று இவள் எதிர்பார்த்து நின்றாள். அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு யாருக்கும் வரும்க்கா. செருப்புகூட இல்லாம ஓடி வந்தீங்களாமே. எங்க வீட்டுக்காரருக்காக அன்னைக்கு ஓடி வந்தது நீங்க ஒருத்திதான்."

குழாயடியில் நின்றதைச் சொல்ல இவள் வாயைத் திறந்தாள். "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.