நைனா கையில் பத்து

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேருவதற்கு முன்பே அவளுக்கு இருபது வரை எண்ணத் தெரியும் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். பால்வாடியில் பாட்டு மாதிரி கற்றுக்கொடுத்திருந்தார்கள். கையைத் தட்டி, இடுப்பை ஆட்டி, ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் "கண்ணு பட்டுடும், சுத்திப் போடு" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அது வெறும் சத்தம்தான் என்று கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் தம்பி வந்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தோம். "நம்ம நாலு பேரு சாப்பிடப் போறோம். நாலு தட்டு எடுத்துனு வா கண்ணு" என்று மகளிடம் சொன்னார். அவள் அலமாரியில் இருந்த தட்டுகள் அத்தனையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தடதடவென்று வந்து நின்றாள். இது எத்தனை என்று கேட்டால் "இருபது" என்கிறாள். இருந்தவை மொத்தம் ஆறு தட்டு. நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"வாய்தான் எண்ணுது, கை எண்ணலயே. இப்பிடியே இஸ்கூலுக்குப் போனா முழிக்கும் பாரு" என்றார்.

நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு லைன் வீட்டில். ஒரே அறை, அதிலேயே ஒரு தடுப்புப் போட்டு அடுப்படி. நான் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். ஒரு பைக்கு ஐம்பது மூடி. காலையிலிருந்து எண்ணுவதுதான் வேலை. ஒன்று குறைந்தாலும் சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். பகலெல்லாம் எண்ணிவிட்டு வந்தவளிடம் வீட்டிலும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பி என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் பிள்ளைக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் முன்பு பிரஸ் ஷாப்பில் இருந்தவர். தகட்டை வைத்தால் மேலிருந்து இறங்கி வெட்டும் இயந்திரம். மகள் என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது அது அவருடைய வலது கையில் இறங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. எங்கள் பக்கத்தில் இது பெரிய அதிசயம் இல்லை. டீக்கடையில் கிளாஸைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்தாலே யார் பிரஸ்ஸில் இருந்தவர் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வேறொரு கம்பெனியில் இரவு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். பகலில் தூங்கி, மாலை நான்கு மணிக்கு எழுவார். எழுந்ததும் மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் அவள் முன்னால் விரிப்பார். அவள் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ண வேண்டும்.

அவருடைய ஆட்கள் களத்தில் நெல் அளக்கப் போனவர்கள். அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அந்தப் பழக்கத்தில் இவரும் எதை எண்ணினாலும் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் ஆரம்பிப்பார். மகளும் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு விரல மெஷினுக்குக் குடுத்துட்டு வந்த மனுஷன் வாயில லாபத்தப் பாரேன்" என்று நான் அடுப்படியிலிருந்து கிண்டல் செய்வேன்.

"வாயிலயாவது இருந்துட்டுப் போவட்டுமே, உனுக்கு இன்னா?" என்பார்.

முதல் நாள் அவள் இடது கையில் ஐந்தை முடித்துவிட்டு வலது கைக்கு வந்தாள். கட்டை விரல் ஆறு. மோதிர விரல் ஏழு. சுண்டு விரல் எட்டு. அங்கே நின்றுவிட்டாள். "தீந்துபோச்சு நைனா" என்றாள். அவர் அவளுடைய சின்ன விரலைப் பிடித்து, விரல் போன இடத்தில் இருந்த முண்டின் மேல் வைத்தார்.

"இங்க ஒண்ணு இருந்துச்சு. இது ஒம்போது. பக்கத்துல இன்னொண்ணு இருந்துச்சு. இது பத்து. போனதையும் வுடாம எண்ணணும் கண்ணு."

அவருக்கு அந்தக் கையைப் பிறர் பார்ப்பதே பிடிக்காது. கல்யாண வீட்டுக்குப் போனால் தோள் துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டுக்கொள்வார். பிள்ளைக்காக மட்டும் விரித்து வைத்தார். அதற்கப்புறம் ஒன்பது, பத்து வந்தால் அவள் அந்த இரண்டு முண்டையும் தட்டித் தட்டி வீடே அதிரும்படி கத்துவாள். அவர் சிரிப்பார். கோடை விடுமுறை முடிவதற்குள் நாலு தட்டு என்றால் சரியாக நாலு தட்டு வந்தது. ஏழு வெங்காயம் என்றால் ஏழு. இதை நான் ஒரு நாளும் வாய்விட்டுப் பாராட்டவில்லை. இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

பள்ளி திறந்து இரண்டாவது வாரம் மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயசுப் பெண், நல்ல மாதிரி. அரை நாள் லீவு போட்டுப் போனேன். வாசலில் இன்னும் மூன்று நான்கு அம்மாக்கள் நின்றிருந்தார்கள்.

"எல்லாம் நல்லாத்தான் சொல்றா. ஆனா பத்து விரலக் காட்டுன்னா மட்டும் என்ன பண்றான்னு நீங்களே பாருங்கமா" என்றார் மிஸ்.

என் மகள் இடது கையை முழுதாக விரித்தாள். வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு தூக்கிக் காட்டினாள். "பத்து மிஸ்" என்றாள்.

"எட்டுதானே காட்டுற?"

"இல்ல மிஸ், பத்து." மடக்கிய விரல்களின் முட்டியைத் தட்டி, "ஒம்போது, பத்து" என்றாள்.

அங்கிருந்த அம்மாக்களில் ஒருத்தி சிரித்தாள். "மத்த பசங்களும் இவளப் பாத்து மடக்க ஆரம்பிச்சிட்டாங்க. வீட்ல கொஞ்சம் கவனிங்கமா" என்றார் மிஸ்.

பார்த்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் தப்பே செய்யவில்லை. பத்து என்றால் அவளுக்கு அவளுடைய அப்பாவின் கைகள். அவங்கப்பாவுக்கு ரெண்டு விரல் இல்ல மிஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. சிரித்தவள் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. என் புருஷனின் கைக்காக நான் வெட்கப்பட்டேன், வேறென்ன சொல்ல. "சொல்லித்தரேன் மிஸ்" என்று பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் அவளைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்து "விரிடி கைய" என்றேன். விரித்தாள். எண்ணச் சொன்னேன். எட்டு வரும்போது அந்த இரண்டு விரலும் தானாக மடங்கின. கரண்டிக் காம்பால் விரல் முட்டியில் ஒன்று வைத்தேன். மறுபடியும் எண்ணினாள், மறுபடியும் மடங்கின. மறுபடியும் வைத்தேன்.

"நைனா கையில இப்பிடித்தானம்மா இருக்கு?" என்று அழுதாள்.

"நைனா கை ஊனம்டி! அது எந்தக் கணக்குலயும் சேராது. அதப் பாத்து எண்ணிக்குனு இருந்தா நீ உருப்பட்ட மாதிரிதான். இனிமே அந்தக் கையத் தொட்டு எண்ணுறதப் பாத்தேன், சூடு வெச்சிடுவேன், ஆமா."

சொல்லிவிட்டுத் திரும்பினால் அவர் பாயில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். எப்போது விழித்தாரோ, எதிலிருந்து கேட்டாரோ தெரியாது. சண்டை போடுவார், ஒரு அறையாவது விடுவார் என்று நினைத்தேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலது கையை லுங்கி மடிப்புக்குள் விட்டுக்கொண்டு, "டீ போடேன்" என்றார். நானும் எதுவும் நடக்காத மாதிரி டீ போட்டேன்.

மறுநாள் நூறு புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். பழக்கம் போகாமல் இரண்டு மூன்று நாள் அவர் மாலையில் எழுந்து உட்கார்ந்ததும் கைகள் தானாக மடியில் விரிந்தன. மகள் என்னைப் பார்ப்பாள். பிறகு போய் டப்பாவை எடுத்து வருவாள். அவர் வலது கையை மெல்லத் தொடைக்குக் கீழே தள்ளிக்கொள்வார். அப்புறம் விரிப்பதையே விட்டுவிட்டார். "இன்னைக்கு இன்னா கணக்கு கண்ணு?" என்று தள்ளியிருந்தே கேட்பார், அவ்வளவுதான். அவள் நூறு வரை வந்துவிட்டாள். லாபம் போய் ஒண்ணு வந்தது. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே ஒரு மன்னிப்புக் கேட்க எனக்கு அரை வருஷம் ஆயிற்று.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து மறுபடியும் மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"கழித்தல்ல உங்க பொண்ணுதான் ஃபர்ஸ்ட்டு. பத்துல ரெண்டு போனா எவ்வளவுன்னு கேட்டேன். எல்லாரும் விரல மடக்கி எண்ணிட்டு இருக்காங்க, இவ டக்குனு எட்டுன்னா. எப்படிம்மா கண்டுபிடிச்சேன்னு கேட்டா, எங்க நைனா கைன்னு சொல்றா. அப்படின்னா என்னம்மா?"

இந்த முறை சொன்னேன். பிரஸ்ஸையும் சொன்னேன், விரல்களையும் சொன்னேன், கரண்டிக் காம்பையும் சொன்னேன். அன்றைக்கு அவள் ஏன் மடக்கினாள் என்பதையும் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேமா" என்றார் மிஸ். "இத்தன பிள்ளைங்கள்ல தொட்டுத் தொட்டு எண்ணக் கத்துக்கிட்டு வந்தது இவ ஒருத்திதான். நான் புரியாம போயிட்டேனே."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். அவர் வேலைக்குக் கிளம்ப இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மிஸ் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். "நான் அன்னைக்கு அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான்" என்றேன்.

"வுடு, அது பழைய கதை" என்றார். ஆனால் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "நைனா கைன்னு சொல்லுச்சாமா?" என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார். பொத்தானை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வலது கையை மடியில் விரித்தார்.

"வா கண்ணு. நைனா கையில எண்ணு பாக்கலாம்."

மகள் ஓடி வந்தாள். ஒற்றை விரலை நீட்டினாள். தொடப் போனவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வேணாம் நைனா. அம்மா சூடு வெக்கும்."

"இல்லடி கண்ணு, வெக்க மாட்டேன். எண்ணு, அம்மாதான் சொல்றேன் இல்ல" என்று நான் கெஞ்சினேன். அவள் தலையை ஆட்டினாள். நான் அவளை ஏமாற்றிப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்து புளியங்கொட்டைகளை அவர் முன்னால் கொட்டினாள். அவர் ஒரு கொட்டையை எடுத்து வைத்து, "லாபம்" என்றார்.

"ஒண்ணு, நைனா" என்று அவள் திருத்தினாள்.

"சரி கண்ணு. ஒண்ணு" என்றார். அவர் கொட்டையை எடுத்தது இடது கையால். வலது கை எப்போதோ தொடைக்குக் கீழே போயிருந்தது.