மரத்தூளில் நின்றுகொண்டு சொன்ன பொய்

முன்பு மரம் ஏற்றி, பிறகு கைவிடப்பட்ட பழைய துறைமுகம் ஒன்றின் வரலாற்றை மெல்பேர்ண் நூலகத்தில் மாதக்கணக்காகத் தேடினேன். மண்ணில் புதைந்த பழைய நாணயம் தேடும் கருவியோடு அலைகிற எங்களில் எவரும் இடத்தை வெளியே சொல்வதில்லை. மனைவியிடமும் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டே புறப்பட்டேன்.

அந்தத் துறைமுகத்தின் புல் மூடிய கரையில் இடுப்புவரை புதைந்தேன். மர ஆலைகளின் மரத்தூளைக் கொட்டி நிரப்பிய கரை அது என்று நானே குறிப்பெடுத்திருந்தேன். அசைந்தால் உடல் இன்னும் இறங்கியது. கடல்நீரும் ஏறியது. கைபேசியில் மனைவியை அழைத்தேன்.

“கோயில்லயோ நிக்கிறியள்? எனக்கும் ஒரு அர்ச்சனை செய்யுங்கோ.”

“ஓம், செய்யிறன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மை வாயில் வரவில்லை.

நாயோடு நடக்க வந்த ஒருவர் பலகை போட்டு இழுத்தெடுத்தார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

இப்போது போகும் இடத்தை வரைபடத்தில் வட்டமிட்டுக் கொடுத்துவிட்டே போகிறேன். ஆனாலும் அவள் மணிக்கொருதரம் அழைக்கிறாள்: “உண்மையா அங்கதானே நிக்கிறியள்?”