ஊசி தொடாத ஈரம்

ஐயா, அம்மணி, இதைப் படிக்கும் தாங்கள் யாராயினும் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் நான் கற்றது சொற்பம். எஞ்சியதை, சைகோனை அடுத்த சோலோனில், கால்வாய்க் கரையில் ஒரு சீனரின் மரக்கிடங்கில் மேற்பார்வையாளனாக இருந்தபோது நானே கற்றுக்கொண்டேன். ஆகையால் என் சொற்களில் குறையிருந்தால் பொறுத்தருள்க. மரத்தைப் பற்றி நான் சொல்வதில் தாங்கள் பொறுக்க வேண்டிய குறை எதுவும் இல்லை.

மரம் காய்ந்துவிட்டதா என்றறிய மனிதர்கள் செய்யும் கோமாளித்தனங்களை நெடுங்காலம் பார்த்தவன் நான். ஒருவர் விரல் முட்டியால் தட்டிவிட்டு, வீணை வாங்க வந்தவரைப்போலக் காதை வைத்துக் கேட்பார். இன்னொருவர் முகர்வார். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற எங்கள் காரைக்கால்காரர் ஒருவர் பலகையின் முனையை நாக்கால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "சரியா காஞ்சிருக்கு முசியே" என்பார். அவர் நக்கியது படகோட்டியின் காலடி மண்ணை.

ஈரத்தை அறிய நம்பத்தக்க வழி ஒன்றே. பலகையின் முனையிலிருந்து உள்ளே தள்ளிக் குறுக்காக ஒரு துண்டை வெட்டி, வெட்டிய கையோடு எடை போட வேண்டும். இதற்கு அடுத்த வீட்டுச் சீன மருந்துக்கடைத் தராசை இரவல் வாங்குவேன். பின்பு அத்துண்டை, விடியற்கால ரொட்டிகளை எடுத்த பிறகு ரொட்டிக்கடை அடுப்பில் மீந்திருக்கும் சூட்டில் வைப்பேன். இனி எடை குறையாது என்னும் நிலை வரும்வரை வைப்பதும் நிறுப்பதுமாக இருப்பேன். குறைந்த எடை தண்ணீர். அதை ஈர மரத்தின் எடையோடு ஒப்பிடலாகாது. வறண்ட மரத்தின் எடையோடுதான் ஒப்பிட வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்து, தண்ணீர் குறைவென்று மகிழ்ந்துபோனவர்கள் ஏராளம்.

சைகோன் காற்றில் எந்த மரமும் முற்றிலும் வறளாது. மழைக்காலத்தில் சிறிது வாங்கி, வெயில் காலத்தில் சிறிது கொடுத்து, ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு தண்ணீரோடு அது அமைதி கொள்ளும். அந்த அமைதிக்கு முன் கதவு செய்பவன், கதவை அல்ல, பின்னால் வரப்போகும் ஒரு சண்டையைச் செய்கிறான்.

அப்படியொரு சண்டையைப் பற்றியே எழுதுகிறேன். அமெரிக்கச் சிப்பாய்கள் ஊரை நிறைத்திருந்த காலம். முன்பு மர வியாபாரமும் செய்த செட்டிநாட்டு முதலாளிகளின் வட்டிக்கடையான கிட்டங்கி ஒன்றை நிர்வகித்த ஏஜெண்டு, அவர்களுடைய முருகன் கோயிலையும் கவனித்துவந்தார். கோயிலின் பழைய கதவுகளைக் கறையான் தின்றுவிட்டது. புதியவற்றுக்கு எங்கள் கிடங்கில் காம்ஸே மரம் எடுத்தார். நம் நாட்டு இருள் மரமும் அதுவும் ஒன்றே. வேலையை ஒரு வியட்நாமியத் தச்சனிடம் கொடுத்தார். சைகோனுக்கு வடமேற்கே குச்சி என்னும் ஊரில் நடந்த போரில் அவன் வீடு எரிந்துபோக, மனைவி மக்களோடு சைகோனுக்கு வந்திருந்தான். மடைப்பள்ளிக்குப் பின்னால் ஓர் அறையை அவனுக்குக் கொடுத்து, "வேலையில சொட்டை வந்துச்சுன்னா அறையைக் காலி பண்ணிறணும்னு சொல்லுங்க" என்றார் ஏஜெண்டு. மொழிபெயர்த்தவன் நான். அந்தக் குடும்பத்துக்கு வேறு கூரை இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அமெரிக்கச் சாமான்கள் விற்கும் நடைபாதைக் கடையில் ஏஜெண்டு ஒரு கருவி வாங்கியிருந்தார். மரத்தில் குத்த இரண்டு ஊசிகள், ஈரத்தைக் காட்ட ஒரு முள்; காய்ந்ததற்குப் பச்சைக் கட்டம், ஈரத்துக்குச் சிவப்பு. கருவி நல்ல கருவியே. ஆனால் அது குளிர்நாட்டு இலேசான மரங்களுக்காக அளவு குறிக்கப்பட்டது. வாங்கியவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. மேசையைக் குத்தினார், தூணைக் குத்தினார், ஒருநாள் பலாப்பழத்தையும் குத்திப் பார்த்தார். கதவுக்கென எடுத்து, எங்கள் கிடங்கு முற்றத்தில் வெயிலில் கிடந்த பலகையைக் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பாருங்க முசியே. முள்ளு பச்சையில நிக்கிது. காஞ்ச மரம்."

"வெயில்ல கெடந்த மேல்தோலுங்க அது. ஒரு பலகையை நடுவுல அறுத்து உள்ள குத்திப் பாருங்க. நான் அடுப்புல வச்ச துண்டு, நாலுல ஒரு பங்கு தண்ணின்னு சொல்லுது."

"ரொட்டி அடுப்புல வச்சா எதுலதான் தண்ணி போகாது? உங்களை வச்சா உங்ககிட்ட இருந்தும் போகும்."

உடன் வந்த கோயில் பண்டாரம் சிரித்தார்.

"ஆவணியில முகூர்த்தம், ஊர்ல இருந்து குறிச்சு வந்திருச்சு. மரம் ஈரமா இருக்கு, பொறுத்துக்கப்பான்னு முருகன்கிட்டப் போயிச் சொல்லச் சொல்றீகளா?"

"முருகன் பொறுப்பாருங்க. மரம் பொறுக்காது."

எங்கள் சீன முதலாளி மரம் விற்றதில் மகிழ்ந்தார். அவரையும் நான் மதிக்கவில்லை.

கடல் கடந்த ஊரில் உட்கார்ந்து, பஞ்சாங்கத்தில் திதியும் நட்சத்திரமும் பார்த்து, கதவு நிறுத்தும் நாளைக் குறித்தார்கள். மழை விடாத அந்த ஆவணியில், மஞ்சள் பூசி, சந்தனமிட்டு, கும்பநீர் தெளித்து, சங்கு ஊதிக் கதவுகளை நிறுத்தினார்கள். அதே வாரம் கருஞ்சிவப்பு வார்னிஷும் பூசியாயிற்று. நனைந்த மரத்துக்கு அத்தனை மரியாதை நடந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தை பிறந்தது. காற்று வறண்டது. இரு கதவுகளுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. தாழ்ப்பாள் எதிர்க்கதவை எட்டவில்லை. சட்டங்களில் தோண்டிய காடிப் பள்ளத்தில் செருகிய பலகைகள் கடகடவென்று ஆடின. பூசத்துக்கு முதலாளிகள் கப்பலில் வருவதாக இருந்தது. ஏஜெண்டு என்னை அழைப்பித்தார். தச்சன் கதவருகே நின்றான். அவன் மனைவி அறை வாசலில் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள்.

"அளவு தெரியாத பயல். பூசத்துக்கு முன்னாடி அறையைக் காலி பண்ணச் சொல்லுங்க" என்றார் ஏஜெண்டு.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. "கதவு ஓரத்துல ஒரு துண்டு வெட்டிக் குடுங்க, யார் குத்தம்னு காட்டுறேன்" என்றேன்.

பண்டாரம் பதறிவிட்டார். "கும்பநீர் பட்ட கதவுங்க. இனி இதுல இரும்பு படப்படாது."

அப்படிச் சொன்ன கதவில் ஏஜெண்டின் ஊசித் துளைகள் இரண்டிரண்டாக எங்கும் இருந்தன. அவற்றைக் காட்டினேன். "அது கருவி" என்றார் பண்டாரம். அவரோடு வாதிடுவதற்கு நான் அத்தனை மலிந்துவிடவில்லை.

வெட்டத் தேவையும் இல்லாமல் போயிற்று. கதவை உற்று நோக்கினேன். ஒவ்வொரு பலகையின் இரு பக்க ஓரத்திலும், மேலிருந்து கீழாக, வார்னிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று ஓடியது. தச்சன் பலகையைக் குறுகலாக அறுத்திருந்தால், பூசும்போதே இடைவெளி இருந்திருக்கும்; வார்னிஷ் அதற்குள்ளும் இறங்கியிருக்கும். பூசியபோது காடிக்குள் மறைந்திருந்த மரம், பின்பு ஒடுங்கி வெளியே வந்ததால்தான் அது வெறுமையாக நின்றது. கதவின் உயரமோ ஒரு நூலும் குறையவில்லை. மரம் ஒடுங்குவது அகலத்தில், நீளத்தில் அல்ல. அளவு தெரியாதவன் உயரத்திலும் அல்லவா தவறியிருப்பான்?

இவ்வளவையும் சொல்லி, "உங்க முதலாளிங்க மரம் வாங்கி வித்தவங்க. இந்தக் கோட்டைப் பாத்தா, ஈர மரத்தை எடுத்தது யாருன்னு அவங்களே கேட்பாங்க" என்றேன்.

ஏஜெண்டு கோட்டின்மேல் விரலை ஓட்டினார். கருவியின் ஊசிகளை வேட்டி நுனியால் துடைத்தார். தவறிவிட்டேன் என்னும் சொல் அவர் வாயில் வரும் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு நான் பேதை அல்லன்.

"அறை இருக்கட்டும். இன்னைக்கே அந்தக் கோட்டுல வார்னிஷ் பூசிறணும். நடுவுல ஒரு சட்டத்தை ஒட்டி இடைவெளியை மூடிறணும். மரத்தைப் பத்தி யார்கிட்டயும் பேசப்படாது. இதை அவன்கிட்டச் சொல்லுங்க."

"இரும்பு படப்படாதுன்னாரே பண்டாரம்?" என்றேன்.

"பசையில ஒட்டட்டும்."

சொன்னேன். தச்சன் என் முகத்தையே பார்த்தான். "அண்ணா, அறை எங்களுக்குத்தானா? நிச்சயமா?" என்று கேட்டான். நிச்சயம் என்றேன். அவன் மனைவி மூட்டையை அவிழ்த்தாள். அவன் தூரிகையை எடுத்துவந்து, தன்னைக் காப்பாற்றிய கோடுகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே மறைத்தான். மிகத் துப்புரவாகப் பூசினான். குடியிருக்க இடமில்லாதவனிடம் வேறு எதையும் எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை. எதிர்பார்க்க உரிமை இருந்த ஏஜெண்டையும் பண்டாரத்தையும் அன்றே என் மதிப்பிலிருந்து நீக்கிவிட்டேன்.

பூசத்தன்று முதலாளிகள் கதவைத் தடவிப் பாராட்டினார்கள். ஏஜெண்டு, "வாங்கும்போதே காஞ்ச மரமுங்க" என்று தம் கருவியை எடுத்து அவர்கள் முன்னிலையில் குத்திக் காட்டினார். முள் பச்சையில் நின்றது. அவ்வேளையில் முள் காட்டியது உண்மையும்கூட. மரம் அதற்குள் காய்ந்திருந்தது.

கோடுகள் வார்னிஷுக்கு அடியில் போய்விட்டன, தச்சன் பேசமாட்டான், ஏஜெண்டு பேசியது பொய். நடந்ததைச் சொல்ல இந்தத் தாள்களைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகையால் ஐயா, அம்மணி, இவற்றைக் கழித்துவிடாமல், ஈரம் படாத இடத்தில் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.