எஸ்தர் அக்காவின் பாஸ்வேர்ட்

ஷூ கம்பெனி கம்ப்யூட்டர் ரூமில் என்னதான் ஏசி ஓடினாலும் பசை வாசனை போகாது. கீபோர்டைத் தொட்ட கையை முகர்ந்தால்கூட அதே வாசனைதான்...

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. ஆம்பூரில் ஒரு கம்பெனியின் டிசைன் ஃபைல் வெளியே போய்விட்டது. யார் அனுப்பியது என்று கண்டுபிடிக்கவும், சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றையும் ஆடிட் செய்யவும் எங்கள் ஆபீஸில் என்னை அனுப்பினார்கள். வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம். எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு மிதப்பு.

அங்கே ஆபரேட்டர் எஸ்தர் அக்கா. காலையில் முதல் ஆளாக வந்து, ஆறு மெஷினையும் தன் பெயரிலேயே திறந்து வைத்துவிடுவார். மற்றவர்கள் பாஸ்வேர்டை மறந்து லாக் ஆகிவிட்டால் அன்றைய ஷிப்மென்ட் பேப்பர் நின்றுபோகுமாம். தான் வராத நாளுக்கென்று ஷூ டப்பா மூடியில் பாஸ்வேர்டை எழுதி சுவரில் வேறு ஒட்டியிருந்தார்.

"இன்னா தம்பி சிரிக்கிற? எல்லாரும் நம்ம ஆளுங்கதானே."

மதியம் தன் டப்பாவிலிருந்து பாதி லெமன் சாதத்தை எனக்கு வைத்தார்.

யார் எப்போது என்ன செய்தார்கள் என்று சர்வரில் பதிவாகும் லாகைப் பார்த்தேன். ஃபைல் மெயிலில் போயிருந்தது. அனுப்பியவர் பெயர், எஸ்தர்.

அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். கீழே டைம் ஆபீஸில் வருகைப் பதிவேட்டைக் கேட்டிருந்தால் போதும். ஐந்து மணி ரயிலைப் பிடிக்கும் அவசரம்... லாகில் இருந்ததை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன்.

கிளம்பும்போது அக்கா கேட்டார். "எல்லாம் சரியா இருக்குதா தம்பி?"

"ஒண்ணும் பிரச்சனை இல்லக்கா."

அடுத்த மாதம் மறுபடி போனேன். ஆறு பேருக்கும் தனித்தனி பாஸ்வேர்ட். சுவரில் அந்த மூடி இல்லை. அக்காவின் நாற்காலியில் வேறு பெண்.

அன்றுதான் டைம் ஆபீஸுக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். ஃபைல் போன தேதியில், எஸ்தர் என்ற பெயருக்கு நேராக, சிவப்பு மையில் லீவு.

மேனேஜரிடம் ஓடினேன். "பேஜார் பண்ணாதீங்க தம்பி. உங்க ரிப்போர்ட்ட வெச்சுதானே அந்தம்மாவ வேலைய விட்டு அனுப்புனோம்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, இன்றைக்கும்.

இப்போது கைரேகை, ஓடிபி எல்லாம் வந்துவிட்டது. யாரும் யாருக்காகவும் மெஷினைத் திறந்து வைப்பதில்லை. அதுதான் சரி, நானே அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் லாகில் ஒரு பெயர் வந்தால் முதலில் வருகைப் பதிவேட்டைக் கேட்பேன். என் டீம் பசங்க கேலி செய்வார்கள். "சிஸ்டமே சொல்லுதே சார், ரிஜிஸ்டர் எதுக்கு?"

எஸ்தர் அக்கா, எங்கே இருக்கிறீர்களோ... எல்லாம் சரியா இருக்குதா என்று கேட்டீர்களே, அப்போதே அந்த ரிப்போர்ட் என் பையில்தான் இருந்தது.